புதிய கெமராவுக்கு முற்பணம் கட்டலாமா?

சாமான் கடைக்கு வருமுன்பே அதற்குப் பணம் வாங்கும் வழக்கம் இன்று பல துறைகளிலும் பரவியிருக்கிறது. கைத்தொலைபேசியில் தொடங்கிய இந்தப் பழக்கம் தையல் இயந்திரம், அச்சு இயந்திரம், மோட்டார் சைக்கிள் என்று வந்து, எங்களைப் போன்ற ஸ்டூடியோக்காரர்களின் கெமரா வரைக்கும் வந்து நிற்கிறது. "இப்போதே பதிவு செய்யுங்கள், முதலில் உங்களுக்குத்தான்" என்ற அழைப்பு கேட்க இனிமையாகவே இருக்கும். ஆனால் முற்பணம் கொடுப்பவரும் ஒரு வியாபாரி என்றால், அந்த இனிமையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்து விட்டுக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் பார்த்த கணக்கை வாசகர்களுடன் பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். கெமரா வியாபாரத்துடன் சம்பந்தமில்லாதவர்களுக்கும் இது பயன்படும் என்று நினைக்கிறேன்.

கண்டி மாவட்டத்தில் ஒரு சிறு நகரத்தில் எனது ஸ்டூடியோ இருக்கிறது. கடவுச்சீட்டுப் படம், பாடசாலைப் படம் என்று அன்றாடம் சில்லறை வருமானம் வந்தாலும், கடையைத் தாங்கி நிற்பது கலியாண வேலைதான். நோன்பு மாதம் தவிர்த்து வருடத்தில் சுமார் நாற்பது கலியாணங்கள் செய்கிறோம். ஆண்கள் பகுதியை நானும் மருமகனும் எடுப்போம். பெண்கள் பகுதியை என் தங்கை எடுப்பாள். எங்களிடம் இருந்தவை நிக்கொன் டீ 750 ரகத்தில் இரண்டு கெமராக்கள். அந்த ரகம் 2014 இல் வெளிவந்தது. நன்றாக உழைத்த சாமான்கள்.

2024 ஜூன் 17 ஆம் திகதி, நாங்கள் ஹஜ்ஜுப் பெருநாள் கொண்டாடிய அதே நாளில், நிக்கொன் நிறுவனம் இஸட் 6-3 என்ற புதிய மிரர்லெஸ் கெமராவை அறிவித்தது. அமெரிக்காவில் அதன் விலை ஏறக்குறைய 2,500 டொலர். இரண்டொரு நாளில் கொழும்பிலுள்ள ஒரு விற்பனையாளர் எங்களுக்குத் தகவல் அனுப்பினார். விலையில் கால்வாசியை முற்பணமாகக் கட்டினால் முதல் தொகுதியிலேயே ஒன்றை ஒதுக்கித் தருவதாகச் சொன்னார்.

மருமகனுக்கு இருபத்து நான்கு வயது. கடையின் எதிர்காலம் அவன் கையில்தான் இருக்கிறது. "மாமா, இப்ப புக் பண்ணாட்டி மூணு மாசத்துக்குக் கிடைக்காது. பக்கத்து ஊர்க்காரன் எடுத்துப் போட்டான் என்றால் நம்மட வேலை எல்லாம் அங்க போயிரும்" என்றான். அவன் சொன்னதை வெறும் ஆசை என்று தள்ளி விட முடியாது. கட்டாருக்குப் போக அழைப்பு வந்தும் கடையை நம்பி நிற்கிற பிள்ளை அவன். மறுபக்கம், அந்தக் கெமராவின் விலை எங்கள் கடையின் சுழற்சிப் பணம் முழுவதற்கும் சமம். அல்பம் அச்சடிக்கவும், வாடகை கட்டவும், சம்பளம் கொடுக்கவும் வைத்திருக்கிற பணம் அது.

மிரர்லெஸ் என்றால் என்ன?

பழைய கெமராவின் உள்ளே ஒரு சிறு கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியாக வரும் காட்சியை நமது கண்ணுக்கு அனுப்புவது அதன் வேலை. படம் எடுக்கும் வேளையில் அது மேலே எழும்பி இறங்கும். "டக்" என்ற சத்தம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். மிரர்லெஸ் கெமராவில் அந்தக் கண்ணாடி இல்லை. சென்சர் காண்பதை நேரடியாக ஒரு சிறு திரையில் காண்கிறோம். மணமக்களின் கண்ணைத் தானே தேடிப் பிடித்துக் குவியப்படுத்தும். விரும்பினால் சத்தமே இல்லாமலும் படம் எடுக்கலாம்.

இந்தக் கடைசி விடயம் எங்கள் தொழிலில் பெரியது. மௌலவி நிக்காஹ் குத்பா ஓதிக் கொண்டிருக்கும்போது சபை அமைதியாக இருக்கும். அந்த நேரத்தில் பழைய கெமராவின் சத்தத்துக்குப் பலர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆகவே புதிய ரகம் எங்களுக்குத் தேவைதானா என்ற கேள்வி எழவில்லை. தேவை என்பது நிச்சயம். அதை வெளிவருமுன்பே பணம் கட்டி வாங்க வேண்டுமா என்பதே கேள்வி.

விலைச்சீட்டில் இல்லாத செலவு

கெமராவின் விலையை மட்டும் பார்ப்பது, லொறி வாங்குபவர் டயரையும் காப்புறுதியையும் மறப்பது போன்றதாகும். நாங்கள் பட்டியல் போட்டபோது மூன்று விடயங்கள் வெளிவந்தன.

முதலாவது பெட்டரி. சர்வதேச அளவீட்டு முறைப்படி டீ 750 ஒரு தடவை சார்ஜ் செய்தால் 1,230 படங்கள் எடுக்கும். அதே முறைப்படி இஸட் 6-3 எடுப்பது 400 க்கும் குறைவு. திரை எப்போதும் எரிந்து கொண்டிருப்பதே காரணம். நடைமுறையில் இரண்டுமே இதைவிட அதிகமாக எடுக்கும். என்றாலும் காலையில் நிக்காஹ், மாலையில் வலீமா என்று ஓடும் நாளில் மேலதிகமாக இரண்டு பெட்டரியாவது வேண்டும்.

இரண்டாவது லென்ஸ். பழைய லென்ஸ்களைப் புதிய கெமராவில் பொருத்த ஓர் இணைப்பு வளையம் தேவை. அதையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள ரகங்கள் அதில் ஒழுங்காக வேலை செய்யும். ஆனால் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டீ ரக லென்ஸ்களை அந்த வளையத்தில் போட்டால் தானியங்கிக் குவியம் வேலை செய்யாது. கையால்தான் திருப்ப வேண்டும். என் தங்கை மணப்பெண்ணின் முகத்தை எடுக்கப் பாவிக்கும் 85 மில்லிமீட்டர் லென்ஸ் அந்தப் பழைய ரகத்தைச் சேர்ந்தது.

மூன்றாவது மெமரி கார்ட். புதிய கெமராவில் இரண்டு கார்ட் போடலாம். ஒன்று நாம் வழமையாகப் பாவிக்கும் எஸ்டீ கார்ட். மற்றையது சீஎஃப்எக்ஸ்பிரஸ் என்ற வேகமான ரகம். அதன் விலையும் வேகமானது. கார்ட் வாசிக்கும் கருவியையும் புதிதாக வாங்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் சேர்த்தபோது, 9 இலட்சம் என்று பேசிய சாமான் வேலைக்குப் போகும் நாளில் 10 இலட்சமாகி நின்றது.

முதல் தொகுதியில் வருவது

இனி, வெளிவருமுன் வாங்குவதில் உள்ள இன்னொரு விடயத்தைப் பார்ப்போம். ஒரு சாமானின் குறையைக் கம்பனி விளம்பரத்தில் சொல்லாது. பாவித்தவர்கள்தான் சொல்வார்கள். முதலில் வாங்குபவருக்கு முன்னால் பாவித்தவர் எவருமில்லை.

கெமராச் சந்தையில் இதற்கு நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. 2018 இல் நிக்கொன் தனது முதலாவது இஸட் 6 ஐயும், கெனன் தனது ஈஓஎஸ் ஆர் கெமராவையும் வெளியிட்டன. இரண்டிலும் ஒரேயொரு கார்ட் மட்டுமே போட முடிந்தது. கலியாணம் திரும்ப நடக்காது. கார்ட் பழுதானால் படமும் இல்லை, பெயரும் இல்லை. ஆகவே கலியாணப் படக்காரர்கள் பலர் அவற்றைக் குறை கூறினார்கள். 2020 இல் வந்த இஸட் 6 இரண்டாம் ரகத்தில் நிக்கொன் இரண்டாவது கார்ட்டுக்கும் இடம் வைத்தது.

2020 ஜூலையில் கெனன் ஆர் 5 வந்தது. 8கே வீடியோ எடுக்கும் என்று உலகமே பேசியது. ஆனால் உயர்தர வீடியோவில் சிறிது நேரத்தில் சூடாகி நின்று விடுகிறது என்ற முறைப்பாடும் உடனேயே எழுந்தது. அடுத்த மாதமே கெனன் ஒரு மென்பொருள் திருத்தத்தை வெளியிட்டு நிலைமையை ஓரளவு சீர்செய்தது. 2023 இல் வந்த நிக்கொன் இஸட் 8 இன் ஆரம்பத் தொகுதிகள் சிலவற்றில் லென்ஸ் பொருத்தும் வளையத்திலும், தோள்வார் மாட்டும் இடத்திலும் கோளாறு இருந்ததால், நிறுவனமே அறிவித்தல் விடுத்து அவற்றை இலவசமாகத் திருத்திக் கொடுத்தது.

நாங்கள் யோசித்த இஸட் 6-3 உம் இதற்கு விலக்கல்ல. வேகத்துக்காக அதில் ஒரு புதிய வகைச் சென்சர் பொருத்தியிருந்தார்கள். வெளிவந்த பின் அளந்து பார்த்த நிபுணர்கள், இருண்ட பகுதிகளைப் பிறகு வெளிச்சமாக்கும்போது அதற்கு முந்திய ரகத்தை விட இதில் சற்றுக் கூடுதலாகப் புள்ளிகள் தெரிவதாகச் சொன்னார்கள். பெரிய குறை என்று இதைச் சொல்ல முடியாது. கலியாண அல்பத்தில் எவரும் கண்டு பிடிக்கவும் மாட்டார்கள். ஆனால் முற்பணம் கட்டிய நாளில் இது எவருக்கும் தெரிந்திருக்கவில்லை என்பதே கவனிக்க வேண்டியது.

இலங்கையில் இருக்கும் நமக்கு இது இன்னும் முக்கியம். கோளாறு வந்தால் இலவசமாகத் திருத்துவது உள்ளூர் முகவரின் உத்தரவாதம் உள்ள சாமானைத்தான். டுபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ கையில் கொண்டு வந்ததை முகவரிடம் நீட்டினால் அவர் பொறுப்பேற்க வேண்டிய கட்டாயமில்லை. விலை குறைவு என்பதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம்.

முன்பதிவு செய்தவர் வென்ற இடம்

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2024 பெப்ரவரியில் புஜிஃபில்ம் நிறுவனம் எக்ஸ் 100 ஆறாம் ரகத்தை 1,600 டொலர் விலையில் அறிவித்தது. உலகெங்கும் அதற்கு மாதக் கணக்கில் தட்டுப்பாடு நிலவியது. பாவித்த கெமராவைக் கூட அறிவித்த விலையை விட அதிகம் கொடுத்து வாங்கினார்கள். முதல் நாளில் பதிவு செய்தவருக்குக் கையில் இலாபம்.

ஆகவே முன்பதிவு எப்போதும் நட்டம் என்று சொல்ல வரவில்லை. கெமராவை வாடகைக்கு விடுபவருக்கும், வாங்கி விற்பவருக்கும் முதல் சாமான்தான் வாடிக்கையாளரை அழைத்து வரும். அவர் விற்பதே புதுமையைத்தான். நான் விற்பது அல்பம். என்னிடம் வரும் மணமகனின் தகப்பனார் "என்ன கெமரா?" என்று கேட்பதில்லை. "அல்பம் எப்போது கிடைக்கும்?" என்றுதான் கேட்கிறார்.

டொலரும் வரியும்

2,500 டொலரை, கணக்குக்காக ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்தால் 7 இலட்சத்து 50 ஆயிரம் வருகிறது. அதன் மேல் 18 வீத வற் வரியைப் போட்டால் 8 இலட்சத்து 85 ஆயிரம். ஏனைய செலவுகளையும் சேர்த்தே விற்பனையாளர் 9 இலட்சம் என்றார். இது அநியாய விலையன்று.

ஆனால் முற்பணம் கட்டும் நாளுக்கும் சாமான் வரும் நாளுக்கும் இடையில் என்ன நடக்கலாம் என்பதை நாம் மறக்கக் கூடாது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. வங்கிகளில் எல்.சி. திறக்கவும் முடியவில்லை. வற் வரி அந்த வருட ஆரம்பத்தில் 8 வீதமாக இருந்தது. 12, 15 என்று ஏறி, 2024 ஜனவரியில் 18 ஆனது. அந்தக் காலத்தில் சாமானுக்கு முற்பணம் கட்டியிருந்தவர்களில் சிலருக்குப் பணம் திரும்பி வந்தது. சிலர் மேலதிகமாகக் கட்டினார்கள். விற்றவர்களைக் குறை சொல்லவும் முடியாது. டொலரை அவர்கள் அச்சடிப்பதில்லை.

இதை மனதில் வைத்துக் கொண்டு எங்களுக்குத் தந்த முன்பதிவுத் துண்டை வாசித்தேன். விலை மாற்றத்துக்குட்பட்டது, கிடைக்கும் திகதி பின்னர் அறிவிக்கப்படும் என்று அதில் இருந்தது. அதாவது என் பணம் மட்டும் நிச்சயம், மற்ற இரண்டும் நிச்சயமில்லை.

நம்மவர்களுக்கு 'ஸலம்' வியாபாரம் புதிதல்ல. இல்லாத சாமானுக்கு முன்கூட்டியே பணம் கொடுப்பதற்கு அங்கே வழி இருக்கிறது. ஆனால் சாமானின் தன்மையும் அளவும், கையளிக்கும் காலமும் தெளிவாக இருக்க வேண்டும், முழு விலையும் ஒப்பந்த வேளையிலேயே கொடுபட வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். எங்கள் துண்டு எந்த வகையில் சேரும் என்று தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் வேலை. நான் சொல்ல வருவது, அந்தத் தெளிவு வியாபாரிக்கும் பாதுகாப்பு என்பதைத்தான்.

நான் விற்பனையாளரிடம் மூன்று விடயங்களை எழுதித் தரக் கேட்டேன். ரூபா விலை, கடைசித் திகதி, அந்தத் திகதி தவறினால் முற்பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி. மூன்றாவதை உடனே ஒப்புக் கொண்டார். "விலையை எழுதித் தர என்னால் ஏலாது நானா, எனக்கே அவன் டொலரில்தான் போடுகிறான்" என்று நேர்மையாகச் சொன்னார். அவரும் வியாபாரிதான். எத்தனை சாமான் கேட்பது என்று தெரிந்து கொள்ளவே அவர் பெயர்களைச் சேர்க்கிறார்.

ஒரு கலியாணத்துக்கு எவ்வளவு?

பத்து இலட்சம் என்பது பயமுறுத்தும் தொகை. அதை அப்படியே பார்த்தால் ஒருவரும் ஒரு கருவியும் வாங்க மாட்டார். மருமகனையும் பக்கத்தில் இருத்தி இப்படிக் கணக்குப் போட்டோம்.

மூன்று வருடம் பாவித்து விட்டு 4 இலட்சத்துக்கு விற்கலாம் என்று வைப்போம். தேய்வது 6 இலட்சம். மூன்று வருடத்தில் 120 கலியாணம். ஆக ஒரு கலியாணத்துக்கு 5,000 ரூபா. இது தாங்கக் கூடிய செலவுதான். மருமகன் முகம் மலர்ந்தது.

இனி இரண்டாவது கணக்கு. இப்போதே வாங்குவதா, ஆறு மாதம் பொறுப்பதா? இத்தகைய சாமான்கள் வெளிவந்து ஆறேழு மாதத்தில் ஏறக்குறைய பத்து வீதம் இறங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். 9 இலட்சத்தில் அது 90,000 ரூபா. வருட முடிவு வரைக்கும் எங்களிடம் 20 கலியாணங்கள் இருந்தன. ஆக, அவசரத்தின் விலை ஒரு கலியாணத்துக்கு 4,500 ரூபா. புதிய கெமரா அந்த இருபது கலியாணங்களில் ஒவ்வொன்றிலும் 4,500 ரூபா மேலதிகமாக உழைக்குமானால் உடனே வாங்கலாம்.

இங்கேதான் விடை கிடைத்தது. அந்த இருபது கலியாணங்களும் ஏற்கெனவே விலை பேசி, முற்பணமும் வாங்கியவை. நாம் எந்தக் கெமராவைக் கொண்டு போனாலும் ஒரு சதமும் கூடப் போவதில்லை. குவியம் தவறிய படங்களைப் பொறுக்கி எறியும் நேரம் மிச்சமாகும். அதைக் கூலியாகக் கணக்கிட்டால் ஒரு கலியாணத்துக்கு 1,500 ரூபா வரும் என்றான் மருமகன். 4,500 எங்கே, 1,500 எங்கே? கணக்கைப் போட்டவன் அவன் என்பதால் நான் வேறு எதுவும் சொல்லத் தேவை இருக்கவில்லை.

நாங்கள் செய்தது

முன்பதிவு செய்யவில்லை. ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. மூன்று பெரிய கலியாணங்களுக்குக் கொழும்பிலிருந்து பழைய மிரர்லெஸ் கெமரா ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். பெட்டரி எத்தனை வேண்டும், எந்த லென்ஸ் ஒத்துழைக்கும் என்பதைச் சொந்தக் கையால் அறிந்தோம். தங்கை தனது 85 லென்ஸை வைத்துப் பார்த்து விட்டு, இதற்கு மாற்று இல்லாமல் புதிய கெமராவைத் தொட மாட்டேன் என்று சொல்லி விட்டாள். அந்தச் செலவும் திட்டத்தில் சேர்ந்தது.

அத்துடன், 2025 நோன்புப் பெருநாளுக்குப் பிந்திய கலியாணங்களுக்குப் புதிய விலைப் பட்டியல் போட்டோம். சத்தமில்லாத நிக்காஹ் படப்பிடிப்பும் ஒரு சிறு வீடியோவும் அதில் அடக்கம். வாடகைக் கெமராவில் எடுத்த மாதிரிகளைக் காட்டியே ஓடர் பிடித்தான் மருமகன். ஒன்பது குடும்பங்கள் புதிய விலைக்குச் சம்மதித்து முற்பணம் கட்டிய பிறகு, அந்த நோன்பு முடியும் தறுவாயில், உள்ளூர் உத்தரவாதத்துடன் இஸட் 6-3 ஒன்றை வாங்கினோம். அதற்குள் அமெரிக்காவிலும் விலை கழிவுக்கு வந்திருந்தது. இங்கேயும் ஜூனில் கேட்ட விலையை விடக் குறைவாகவே கிடைத்தது. பக்கத்து ஊர்க்காரரும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் வாங்கினார் என்று பின்னர் அறிந்தோம்.

கெமரா என்ற இடத்தில் எம்பிரொய்டரி இயந்திரம், பேக்கரி அடுப்பு, அச்சு இயந்திரம் என்று எதைப் போட்டாலும் கேள்விகள் மாறுவதில்லை. வேலைக்குப் போகும் நாளில் முழுச் செலவு எவ்வளவு? கையெழுத்திட்ட துண்டில் விலை, திகதி, பணம் திரும்பும் வழி ஆகிய மூன்றும் உண்டா? கோளாறு வந்தால் யாரிடம் போவது? பொறுத்தால் எவ்வளவு மிச்சம், அவசரப்பட்டால் எவ்வளவு வருமானம்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் விளம்பரத்தில் இருக்காது, நமது ஓடர்ப் புத்தகத்தில்தான் இருக்கும். அதில் புதிய விலைக்கு வேலை பதிவாகியிருந்தால் தயங்காமல் முற்பணம் கட்டலாம். பக்கம் வெறுமையாக இருந்தால், முதலில் அதை நிரப்பும் வழியைப் பார்ப்பதே நல்லது.